டிசம்பர் கணக்கும் ஜனவரி கணக்கும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். அவனுடைய பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி இதுவரை ஆடிய பதினொன்றில் பத்தை ஜெயித்துவிட்டதாம். "அப்போ கோப்பை உங்களுக்குத்தானே?" என்று கேட்டால், "கான்ஃபரன்ஸ் ஆட்டம் தொடங்கட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்கிறான். பத்து ஜெயித்தவர்களுக்கு என்ன பயம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் பிள்ளை விவரமானவன் அம்மா. நவம்பர், டிசம்பரில் பெரிய பல்கலைக்கழகங்கள் நிறைய ஆட்டங்களைச் சொந்த அரங்கில், சின்னக் கல்லூரிகளோடு ஆடும். பணம் கொடுத்தே அவர்களை வரவழைப்பார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுவிட்டு, காசோலையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். நானும் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன். பக்கத்து ஊர்ப் பள்ளிகளை அடித்து நொறுக்கிவிட்டு, மாவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிய அனுபவம் எனக்கும் உண்டு.

கான்ஃபரன்ஸ் என்றால் ஒரு வட்டாரத்துக் கல்லூரிகளின் கூட்டமைப்பு. (வட்டாரம் என்பதெல்லாம் இப்போது பேருக்குத்தான். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு 2024 முதல் அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பில் ஆடுகிறது!) அங்கே பணத்துக்குத் தோற்க யாரும் வரமாட்டார்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2022 டிசம்பரில் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் கனெக்டிகட் போயிருந்தோம். வெளியே பனி, வீட்டுக்குள்ளே குழந்தை. எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மாப்பிள்ளையோடு கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆட்டங்களை டி.வி.யில் பார்ப்பதுதான். 'யூகான்' என்றால்தான் அங்கே தெரியும். கூட்டமைப்புக்கு வெளியே ஆடிய பதினொன்றிலும் வெற்றி, எல்லாமே பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசத்தில். சின்ன அணிகளை மட்டும் அடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அலபாமாவையே 82-67 என்று சாய்த்தவர்கள். பிக் ஈஸ்ட் கூட்டமைப்பிலும் முதல் மூன்று ஆட்டங்களை ஜெயித்து 14-0 என்று, அதாவது 14 வெற்றி, தோல்வியே இல்லை என்று நின்றார்கள். நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடம். மாப்பிள்ளை தரையில் கால் வைக்கவில்லை.

டிசம்பர் 31 அன்று சேவியர் அணியிடம் முதல் தோல்வி. அதிலிருந்து எட்டு ஆட்டங்களில் ஆறு போயிற்று.

ஏன் என்பதுதான் விஷயம். ஆண்ட்ரே ஜாக்சன் என்று ஒரு பையன். ஓட்டம், பாஸ், தடுப்பு எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். தூரத்திலிருந்து கூடைக்கு எறிவது மட்டும் அவ்வளவாக வராது. எதிரணிகள் வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'நீ எறிந்துகொள் தம்பி' என்று அவனைத் தனியே விட்டுவிட்டன. அவனை மறிக்க வேண்டிய ஆள் கூடையடிக்குப் போய் அங்கே இருந்த சனோகோவை இடித்துக்கொண்டு நின்றான். சனோகோதான் அணியின் முதுகெலும்பு. அவனுக்குப் பந்து போகும் வழி அடைபட்டால் மற்றவர்கள் தடுமாறாமல் என்ன செய்வார்கள்? பிக் ஈஸ்ட்டில் ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை மோத வேண்டும். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த பயிற்சியாளரும் அதையே கொடுப்பார்.

ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை என்னை ஹார்ட்ஃபோர்டு அரங்குக்குக் கூட்டிப்போனார். எதிரில் செயின்ட் ஜான்ஸ். சொந்த ஊர்க் கூட்டம். எனக்குப் பழைய பழக்கம் ஒன்று: நம் அணி எறிவதற்கு முன்பே பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுவேன். டிக்கெட் போனில் இருந்ததால் பார்க்கிங் சீட்டின் பின்பக்கத்தில் போட்டேன். இரண்டாம் பாதி முடிவதற்குள் சீட்டில் இடமில்லை. 85-74 என்று தோற்றார்கள். திரும்பும்போது காரில் மாப்பிள்ளை ரேடியோகூடப் போடவில்லை. மூன்று நாள் கழித்து நியூவார்க்கில், 17 புள்ளி முன்னே இருந்துவிட்டு, சீட்டன் ஹாலிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். அன்று நான் குழந்தையைத் தூங்க வைக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

யூகான் பயிற்சியாளர் டேன் ஹர்லி, ஜாக்சனை உட்கார வைக்கவில்லை. வேலையை மாற்றினார். தனியே விடப்பட்டவன் பந்தோடு நடுவில் நின்று, ஓடிவரும் எறிகாரர்களுக்குக் கையிலே கொடுத்துவிட்டு, அவர்களைத் துரத்தி வருகிறவனின் வழியை மறித்து நின்றான். அவனை மறிக்காமல் கூடையடிக்குப் போனவனே இப்போது எறிகாரரைத் தடுக்க முடியாத தூரத்தில் மாட்டிக்கொண்டான். கூட்டமைப்பில் 13-7 என்றுதான் முடித்தார்கள், பட்டமும் கிடைக்கவில்லை. ஆனால் தேசியப் போட்டியில் ஆறு ஆட்டங்களையும் பத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து, 2023 ஏப்ரலில் ஹூஸ்டனில் கோப்பையைத் தூக்கினார்கள். இறுதியாட்டம் 76-59.

அதனால் மகனிடம் எத்தனை ஜெயித்தீர்கள் என்று கேட்காதீர்கள். வெளியூரில் எத்தனை ஜெயித்தீர்கள் என்று கேளுங்கள். யூகான் அந்த ஆறில் நான்கை வெளியூரில்தான் தோற்றது. அப்புறம், உங்கள் அணியில் எறியத் தெரியாத ஆள் யார் என்று கேளுங்கள். அவன் யோசிக்காமல் பெயர் சொன்னால், மற்ற கல்லூரிக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

கேள்வி: கூட்டமைப்பு ஆட்டங்களில் பாதிக்கு மேல் தோற்றால் கதை முடிந்ததா?
– வாசகர், திருச்சி

பதில்: அநேகமாக. ஆனால் ஒரு பின்வாசல் உண்டு. கடைசியில் நடக்கும் கூட்டமைப்புக் கோப்பையை ஜெயிப்பவருக்குத் தேசியப் போட்டியில் இடம் உறுதி. 2024-ல் நார்த் கரோலினா ஸ்டேட் அணி கூட்டமைப்பில் 9-11, அதிலும் கடைசி நான்கும் தோல்வி. அப்புறம் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது. வர்ஜீனியாவோடு ஆடியபோது மணி அடிக்கும் நேரத்தில் எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்து, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்ப் பிழைத்தது. தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகவும் வந்தது. இதை நம்பி யாரும் ஜனவரியில் தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: உங்கள் மாப்பிள்ளை இப்போதும் பார்க்கிறாரா?
– வாசகர், மதுரை

பதில்: பார்க்கிறார். பேத்தியும் கூட உட்கார்ந்து பார்க்கிறாள். அன்று கோடு போட்ட பார்க்கிங் சீட்டை அவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.