திருகோணமலை வெக்கையில் கேல் வருமா? இலை ஏன் கசக்கிறது?

வரும், காலம் பார்த்து வைத்தால். கேல் குளிரை விரும்பும் கோவா இனம். இலை கசந்து நாராகிப்போக முதல் காரணம் வெயில்தான். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் நட்டு மினக்கெட வேண்டாம்.

நவம்பரில், மழை நேரே விழாத இடத்தில் தட்டில் 1 செ.மீ ஆழத்தில் விதையுங்கள். நான்கைந்து இலை வந்ததும் 45 செ.மீ இடைவெளியில் நடலாம். கரையோர மணலில் உரம் நிற்காது. குழிக்கு அரை வாளி மக்கிய மாட்டெரு போடுங்கள். மாரியில் வேர் அழுகாமலிருக்க மேட்டுப் பாத்தி அவசியம். கிணறு உவரென்றால் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள்.

பெரிய தொல்லை புழு. இலை சல்லடையாகத் தெரிந்தால் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: சின்னப் பச்சைப் புழு, தொட்டால் துடித்து நூலில் தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. நட்ட அன்றே குச்சி ஊன்றி, இலையில் படாமல் பழைய நுளம்பு வலையால் மூடிவிட்டால் அந்து முட்டையிட வழியில்லை. மருந்தடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நட்டு ஏழெட்டு வாரத்தில் உள்ளங்கை அளவான அடியிலைகளைக் காம்போடு கீழ்நோக்கி ஒடியுங்கள். ஒரு தடவைக்கு மூன்றிலொரு பங்கு போதும். நடுக்குருத்தில் கை வைக்காதீர்கள். வறைக்கென்றால் தடித்த நடு நரம்பை நீக்கிவிட்டு மெல்லிசாக அரியுங்கள்.