வாசகர் கேள்வி-பதில்: வெயிலிலும் மழையிலும் நிற்கும் டிரெய்லருக்கு எந்தப் பலகை, எந்தத் தகடு?

கேள்வி: காருக்குப் பின்னால் இணைத்து இழுக்கும் ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று என்னிடம் இருக்கிறது. மண், விறகு, தோட்டக் கழிவு என எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றுகிறேன். கூரையில்லாத இடத்தில் பல ஆண்டுகள் நின்றதால் தரைப் பிளைவுட் மக்கிவிட்டது. பக்கப் பலகைகள் ஆடுகின்றன. அடிச்சட்டத்திலும் துரு ஏறியிருக்கிறது. செலவு கையைக் கடிக்காமலும், சில ஆண்டுகளில் மறுபடியும் பிரிக்க வேண்டிய நிலை வராமலும் இதைப் புதுப்பிக்க என்ன பொருள்களை வாங்கலாம்? பேசாமல் தரை முழுவதும் இரும்புத் தகடு போட்டுவிடலாமா?

பதில்: இரும்புத் தகட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2 மீட்டர் நீளமும் 1.25 மீட்டர் அகலமும் உள்ள தரைக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு போட்டால் அதன் எடை மட்டும் ஏறத்தாழ 59 கிலோ ஆகும், 18 மி.மீ. பிளைவுட் என்றால் 30 கிலோவை ஒட்டி நிற்கும். கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் ஏற்றக்கூடிய சுமையில்தான் கழியும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கல்லோ விறகுக் கட்டையோ விழுந்த இடத்தில் தகடு சற்றே குழிந்துவிடும். அந்தக் குழியில் மழைநீர் தேங்கும். பெயின்ட் விரிசல் விட்ட இடமும் அதுவாகவே இருப்பதால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அலுமினியத் தகடு இதே அளவில் 20 கிலோதான், துருவும் பிடிக்காது. ஆனால் விலை கூடுதல். மேலும், இரும்புச் சட்டத்தின் மேல் அதை நேரடியாக வைத்தால் ஈரம் பட்ட இடங்களில் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். நடுவில் ரப்பர் பட்டை கொடுக்காமல் அதைப் பொருத்தக் கூடாது.

உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்றது, கான்கிரீட் வார்ப்புக்குப் பயன்படும், இருபுறமும் பீனாலிக் என்ற நீர் புகாத பிசின் படலம் ஒட்டிய பிளைவுட்தான். அதன் கோந்து நீரில் கரையாது, மேற்பரப்பும் தண்ணீரை உள்ளே விடாது. ஒரு பக்கம் வலைப்பின்னல் போன்ற சொரசொரப்புள்ள வகை கிடைத்தால் அதையே வாங்கி, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பொருத்துங்கள். வழவழப்பான வகை ஈரத்தில் வழுக்கும். படகு வேலைக்கான மரைன் பிளைவுட்டும் நல்லதே. ஆனால் அந்தப் பெயர் முதன்மையாகக் கோந்தின் தரத்தையும் உள்ளடுக்குகளில் இடைவெளி இல்லாமையையும் குறிக்கிறது. பூஞ்சையைத் தடுக்கும் மருந்து ஏற்றப்பட்டதா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

எந்தப் பிளைவுட்டை வாங்கினாலும் அது நீடிப்பதும் மக்குவதும் அதன் ஓரங்களில்தான் முடிவாகிறது. கழற்றிய பழைய பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி ஓரளவு கெட்டியாக இருக்கும். போல்ட் துளையைச் சுற்றி மட்டும் அடுக்குகள் நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போலப் பிரிந்து, கறுத்து, நகத்தால் கிள்ளினாலே நார்நாராக வரும். தண்ணீர் மேலிருந்து ஊறிப் பலகையைக் கெடுக்கவில்லை, அறுத்த ஓரத்தின் வழியாகவும் துளையின் வழியாகவும் நுழைந்திருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆகவே பலகையை அளவுக்கு அறுத்தபின் நான்கு ஓரங்களுக்கும் எபாக்சி பிசினை (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாக இறுகும் வகை) இரண்டு கை பூசுங்கள். போல்ட் துளைகளைத் தேவையான அளவைவிடச் சில மி.மீ. பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடியும் துளையுங்கள். படகு கட்டுபவர்கள் கையாளும் இந்த முறைக்கு ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். விலை உயர்ந்த பலகையை ஓரம் பூசாமல் போடுவதைவிட, நடுத்தரப் பலகையை இப்படிப் பூசிப் போடுவதே நெடுநாள் உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

தரையைப் பற்றவைப்பாலோ பசையாலோ நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். அது தேய்ந்துபோவதற்கென்றே இருக்கும் பகுதி. போல்ட்டைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். போல்ட்டில் மிச்சம் பிடிப்பது வீண். சாதாரணப் பளபளப்பு போல்ட்டில் துத்தநாகப் பூச்சு 5 முதல் 12 மைக்ரான் அளவுக்கே இருக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டில் அது 40 மைக்ரானையும் தாண்டும். மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும் அந்த வகையை, அகன்ற வாஷருடன் வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் வாங்குவதற்கு முன்பே அடிச்சட்டத்தைச் சோதித்துவிட வேண்டும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் துரு மேலோட்டமானது. மந்தமாக ஒலித்துச் செதில்கள் உதிர்ந்தால் அந்தத் துண்டையே வெட்டி மாற்ற வேண்டும். சதுரக் குழாய்ச் சட்டம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் அரித்திருக்கக் கூடும். ஒருமுறை அத்தகைய குழாயின் தாழ்ந்த முனையில் நான் துளையிட்டபோது, தேநீர் நிறத்தில் தண்ணீர் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. அதன்பின் எந்தக் குழாய்ச் சட்டமானாலும் அதன் தாழ்ந்த முனையில் வடிதுளை போடாமல் நான் விடுவதில்லை. மாற்றும் துண்டுகளுக்குத் திறந்த ஆங்கிளோ ('ட' வடிவம்) சேனலோ ('ப' வடிவம்) போதும்; துரு ஏறினாலும் கண்ணில் படும், சுரண்டிப் பூச முடியும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைக்க நேர்ந்தால் அந்த இடத்துப் பூச்சைக் கிரைண்டரால் முழுவதும் நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

இழுக்கும் தண்டு, அச்சு, பட்டை வில், சக்கர பேரிங் ஆகிய நான்கிலும் மலிவு பார்க்கக் கூடாது. பலகை உடைந்தால் சுமை சிந்தும். இவை உடைந்தால் சாலையில் வரும் இன்னொருவரின் உயிர் போகும்.

கேள்வி: பக்கப் பலகைகளுக்குச் சரக்குத் தட்டுகளை (பேலட்) பிரித்த பழைய மரத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம். பக்கப் பலகையில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடுவதால் அங்கு மலிவான மரமும் தாக்குப்பிடிக்கும். பன்னாட்டுச் சரக்குத் தட்டுகளில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்றிருந்தால் பூச்சிகள் சாகும்படி சூடேற்றப்பட்ட மரம், 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றப்பட்டது, அதை ஒதுக்கிவிடுங்கள். சூடேற்றுவது பூச்சிக்காகத்தானே தவிர மக்காமல் இருப்பதற்கு அல்ல. ஆகவே வெட்டுமுனைகளுக்குத் தடிப்பாகப் பெயின்ட் பூசி, பலகைக்கும் பலகைக்கும் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். செப்பு மருந்து ஏற்றிய மரம் கிடைத்தால் எளிதில் மக்காது. ஆனால் அது அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அலுமினியத் தகட்டோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் போதுமா?

பதில்: டிரெய்லரின் தரைப் பலகையோடு ஒட்டினாற்போல் மூடினால் கேடுதான். கீழே சிக்கும் ஈரம் வெளியேறாது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் மக்கச் செய்யும் பூஞ்சை வளராது, அதற்கு மேல் போனால் வளரத் தொடங்கும். ஒரு குறுக்குக் கம்பின் மேல் பாயைக் கூரைபோல் விரித்து, இருபுறமும் காற்று நுழைய விடுங்கள். பாய் இல்லையென்றால், மூலைகளில் படிந்த மண்ணைக் கூட்டியெடுத்து, பின்கதவைத் திறந்து வைத்து, இழுக்கும் தண்டின் முனையைக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். விழும் தண்ணீர் பின்பக்கமாக வழிந்துவிடும்.