யூட்டா, ஊர் சுற்றும் வண்டியா?

கேள்வி: ஐயா, சிட்னி பெண்டில் ஹில்லில் இருக்கிறேன். எலக்ட்ரீஷியன். மூன்று ஆண்டுகளாகச் சொந்தக் கம்பெனி; நானும் ஓர் உதவியாளரும். பழைய வேன் இனித் தாங்காது. இசூசு டி-மேக்ஸ் இரட்டைக் கேபின் யூட் (பின்னால் சுமை ஏற்றும் தட்டுள்ள வண்டி), அலுமினியத் தட்டு, கருவிப் பெட்டிகளோடு 62,000 டாலர் சொல்கிறார்கள். மனைவிக்கு அதே இசூசுவின் ஏழு இருக்கைக் குடும்ப வண்டியான எம்யு-எக்ஸ்தான் பிடித்திருக்கிறது, அது 71,000. பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான கேரவன் ஒன்றும் வாங்கி, இரண்டு பிள்ளைகள், 73 வயது அம்மா எல்லோருமாக இந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. எம்யு-எக்ஸ் வாங்கி வேலைக்கும் அதையே ஓட்டலாமா? யூட்டை வாங்கி அதிலேயே சுற்றலாமா? எதுவானாலும் கம்பெனி பெயரில்தான். முழு விலையையும் வரியில் கழித்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கடந்த நான்கு ஆண்டுகளில் குடும்பத்தோடு நீண்ட பயணம் போனது இரண்டு முறை. இரண்டும் சேர்ந்து 16 நாள்.

பதில்: உங்கள் நண்பர்களிடமிருந்தே தொடங்குகிறேன். நிதியாண்டு முடிகிற ஜூன் மாதக் கடைசி வாரத்தில், ஒவ்வோர் ஆண்டும், இந்தப் பேச்சைக் கேட்டு வண்டி வாங்கிவிட்டு, ஜூலையில் என்னிடம் வருபவர்கள் இருக்கிறார்கள்.

சிறு தொழில்களுக்கான உடனடிக் கழிவு 20,000 டாலருக்குக் குறைவான பொருளுக்குத்தான். 62,000 டாலர் யூட் அதில் வராது. அது தேய்மானத் தொகுப்புக்குள் போகும்: முதல் ஆண்டு நூற்றுக்கு 15, அடுத்த ஆண்டுகளில் மீதியில் நூற்றுக்கு 30. ஜிஎஸ்டி ஏறக்குறைய 5,600 டாலர் திரும்ப வரும். அதுதான் உடனே கையில் கிடைக்கும் பணம். மிச்சம் 56,400-இல் 15 சதவீதம் 8,460. கம்பெனி வரி 25 சதவீதம் என்றால் முதல் ஆண்டு மிச்சமாகும் வரி 2,100 டாலர் சொச்சம். இதற்காக 62,000 டாலர் கடன் வாங்குகிறவர் வரியை மிச்சம் பிடிக்கவில்லை, வண்டி வாங்குகிறார். உங்களுக்கு வண்டி வேண்டியிருக்கிறது, வாங்குங்கள். வரியைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

இப்போது இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். டி-மேக்ஸும் எம்யு-எக்ஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூன்று லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றேதான். 3,500 கிலோ இழுக்கும் என்றுதான் இரண்டுக்கும் விளம்பரம். முக்கியமான வேற்றுமை பின்னச்சில் இருக்கிறது. யூட்டில் லாரியில் இருப்பதுபோலப் பட்டை ஸ்பிரிங். சுமை ஏற்றினால் அமைதியாகும், காலியாக ஓடினால் குதிக்கும். எம்யு-எக்ஸில் சுருள் ஸ்பிரிங். பின் இருக்கையில் அம்மா தூங்கிக்கொண்டே வரலாம். கடைக்காரர் இந்த வேற்றுமையைக் காட்டுவார். வரி அலுவலகம் பார்க்கிற வேற்றுமையை அவர் காட்டமாட்டார்.

கம்பெனி வண்டியை இயக்குநரான நீங்கள் சொந்தத்துக்கு ஓட்டினால் அது சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற சலுகை. அதற்கு எஃப்பிடி என்கிற சலுகை வரி உண்டு. விகிதம் 47 சதவீதம், அதன் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. எம்யு-எக்ஸின் அடிப்படை விலை 70,000 என்று வைத்துக்கொள்வோம். சட்டம் சொல்லும் எளிய முறையில் ஆண்டுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 14,000 டாலர், உங்களுக்குக் கிடைத்த சலுகை. அதை இந்த வரிக்கென்று வைத்திருக்கும் பெருக்கெண் 2.0802-ஆல் பெருக்கி 47 சதவீதம் போட்டால் கம்பெனி கட்ட வேண்டியது ஏறக்குறைய 13,690 டாலர். ஒவ்வோர் ஆண்டும். ஒரு நாளும் சுற்றுலா போகாமல் வீட்டு வாசலில் நின்றாலும் சரி, சொந்தத்துக்கு எடுக்க முடியும் என்றால் கணக்கு ஓடும்.

தப்ப வழி இல்லாமல் இல்லை. தொடர்ந்து 12 வாரம் ஓட்டப் பதிவேடு எழுதி, நூற்றுக்கு எண்பது தொழில் ஓட்டம் என்று காட்டினால் இந்த வரி வெகுவாகக் குறையும். அல்லது அந்த 14,000 டாலரை உங்கள் கையிலிருந்து கம்பெனிக்குக் கட்டிவிட்டால் எஃப்பிடி வராது; ஆனால் அது கம்பெனிக்கு வருமானம். எந்த வழியிலும் எழுத்து வேலை உண்டு, செலவு உண்டு.

யூட்டின் கதை வேறு. பயணிகளை ஏற்றுவதற்கென்று முதன்மையாக வடிவமைக்கப்படாத வண்டிக்கு, சொந்த ஓட்டம் குறைவாக இருந்தால் எஃப்பிடி விலக்கு. இரட்டைக் கேபின் யூட் பயணிகள் வண்டியா, சுமை வண்டியா? அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இருக்கைக்கு 68 கிலோ. ஐந்து இருக்கைக்கு 340. மொத்தச் சுமை ஒரு டன் என்றால் 340 அதில் பாதிக்கும் கீழே. ஆகவே சுமை வண்டி. ஏழு இருக்கை எம்யு-எக்ஸுக்கு 476. அதன் சுமை அறுநூற்றுச் சொச்சம் கிலோதான். அது தேறாது.

"குறைவான சொந்த ஓட்டம்" என்றால் எவ்வளவு? வீட்டிலிருந்து வேலைக்குப் போவதும் வருவதும் பிரச்சினை இல்லை. வழியில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட 2 கிலோமீட்டர் வரை சுற்றிப் போகலாம். முழுக்கச் சொந்த ஓட்டம் ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டருக்குள். ஒரே பயணம் போய்வர 200 கிலோமீட்டருக்குள். இந்த எல்லைக்குள் இருந்து, கம்பெனி அதை எழுத்தில் கட்டுப்படுத்தி, உங்களிடம் உறுதிமொழியும் வாங்கி வைத்திருந்தால் வரி அலுவலகம் நோண்டுவதில்லை. நீங்களே முதலாளி, நீங்களே ஊழியர் என்றாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

இதை உங்கள் வீட்டு அளவில் பாருங்கள். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு உங்கள் வீட்டிலிருந்து போய்வர ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஏழு முறை போனால் 910. அத்துடன் ஒதுக்கீடு தீர்ந்தது. மேஸ் ஹில் முருகன் கோவில் பக்கத்தில் இருப்பதால் அங்கே போக உங்கள் மனைவியின் காரே போதும். புரோக்கன் ஹில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். யூட்டில் ஒரே ஒரு முறை அங்கே விடுமுறைக்குப் போனாலும் அந்த ஆண்டு விலக்கு போய்விடும்.

அதற்காக வானம் இடிந்துவிடாது. சுமைத் திறன் ஒரு டன்னோ அதற்கு மேலோ உள்ள யூட் வரிச் சட்டத்தில் "கார்" அல்ல. சொந்த ஓட்டத்தைக் கிலோமீட்டருக்கு இத்தனை சென்ட் என்ற முறையில் கணக்கிடலாம், விலையில் 20 சதவீதம் என்று அல்ல. ஆனால் அந்த "ஒரு டன்" வண்டிக்கு வண்டி தேற வேண்டும். முழு டீசல் தொட்டி, உதிரிச் சக்கரம், தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிற கூடுதல் சாமான்கள் எல்லாம் வண்டியின் சொந்த எடையில் சேரும். எஃகு முன்தடுப்பு, வின்ச் (சேற்றில் சிக்கினால் இழுக்கும் கம்பிச் சுருள்) என்று அங்கேயே பொருத்தி அடுக்கினால் 1,020 கிலோ சுமைத் திறன் 940 ஆகிவிடும். காட்டு வழிக்காக வாங்கிய அலங்காரம் வரிச் சலுகையைத் தின்னும்.

எடைப் பேச்சு வந்ததால் உங்கள் கேரவனையும் நிறுத்துப் பார்ப்போம். சாமான்களோடு 2,500 கிலோ என்று வையுங்கள். கொக்கியில் அழுத்தும் பாரம் பொதுவாக அதில் பத்தில் ஒன்று, 250 கிலோ. அது வண்டியின் சுமைக் கணக்கில் சேரும்; இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள்: 300 கிலோ. ஆகமொத்தம் 550. எம்யு-எக்ஸில் மிஞ்சுவது நூறு கிலோகூட இல்லை. அதில் குளிர்பெட்டி, தண்ணீர், அம்மாவின் மருந்துப் பை, பிள்ளைகளின் சைக்கிள், அரிசி மூட்டை. 3,500 கிலோ இழுக்கும் என்ற விளம்பரத்தில் இந்தக் கணக்கு இருக்காது. அனுமதித்த எடையைத் தாண்டிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவது எடைச் சீட்டைத்தான்.

நானும் ஒரு காலத்தில் சிம்சன் பாலைவனத்தைக் கடக்கப் போவதாக நினைத்து ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் வாங்கியவன்தான். ஆழத் தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சினுக்குக் காற்று தரும் ஸ்நோர்கல் குழாய் பொருத்தினேன். ஆறு ஆண்டில் அது கண்ட தண்ணீர் கார் கழுவும் இடத்துத் தண்ணீர்தான். அதனால் உங்கள் ஆசையைக் கேலி செய்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் நான்கு ஆண்டில் 16 நாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு நான்கு நாள். வேலைக்குப் போவது ஆண்டுக்கு 240 நாளாவது இருக்கும். அந்த நாள்களில் எம்யு-எக்ஸின் இருக்கை விரிப்பின்மேல் கேபிள் சுருளும் துளையிட்ட சுவரின் தூசும் கிடக்கும். இரண்டே ஆண்டில் அது மனைவிக்குப் பிடித்த வண்டியாக இருக்காது.

ஆகவே என் பதில்: கம்பெனி பெயரில் யூட்டை வாங்குங்கள். அதை வேலை வண்டியாகவே வைத்திருங்கள். கேரவன் வேண்டாம், இப்போதைக்கு. அடுத்த இரண்டு விடுமுறைக்கு மண் சாலையில் ஓட்ட அனுமதிக்கிற ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை உங்கள் சொந்தப் பணத்தில் வாடகைக்கு எடுங்கள். பல வாடகை வண்டிகளுக்குத் தார்ச் சாலையை விட்டு இறங்க அனுமதி இல்லை, ஒப்பந்தத்தைப் படியுங்கள். நாளுக்கு 250 டாலர் என்று தாராளமாக வைத்தாலும் 16 நாளுக்கு 4,000. இரண்டு வண்டிகளின் விலை வேற்றுமையே 9,000. இரண்டு பயணமும் நன்றாக அமைந்து, மூன்றாவதற்கு அம்மாவே தேதி கேட்டால், அப்போது பழைய எம்யு-எக்ஸ் ஒன்றை உங்கள் சொந்தப் பெயரில் வாங்கலாம். கம்பெனியை அதில் இழுக்காதீர்கள்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. மாதத் தவணையைக் குறைத்துக் காட்டக் 30 சதவீத பலூன், அதாவது கடைசியில் மொத்தமாகக் கட்டும் தொகை, வைக்கச் சொல்வார்கள். 62,000-க்கு அது 18,600 டாலர். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒரே நாளில் கேட்பார்கள். அந்த மாதம் வேலை மெலிந்திருந்தால் அதற்கு இன்னொரு கடன். பலூன் இல்லாமல் தவணை கட்ட முடியவில்லை என்றால், 20,000 டாலருக்குக் கீழே நல்ல பழைய வேன் கிடைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நண்பர்கள் சொன்ன முழுக் கழிவு அதற்குத்தான் உண்டு.

கையெழுத்துப் போடும் முன் கணக்காளரிடம் எடைத் தாளைக் காட்டுங்கள். எப்போதாவது அம்மாவும் யூட்டில் ஏறத்தான் வேண்டியிருக்கும். கடைக்கு அழைத்துப்போய் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முழங்காலுக்கு உயரம் அதிகம் என்றால் பக்கப் படி போடச் சொல்லுங்கள். அதன் எடை எத்தனை கிலோ என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.