களி தின்ற தாத்தாவும் சர்க்கரை வந்த பேரனும்

கேள்வி: கேழ்வரகுக் களி உண்ட என் தாத்தா 80 வயதைத் தாண்டியும் ஏர் பிடித்தார், எனக்கோ 46 வயதிலேயே சர்க்கரை நோய். உணவுதான் காரணமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உணவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பரம்பரைக்கும் உழைப்புக்கும் பங்குண்டு. ஆனால், மூன்று வேளையும் தீட்டிய அரிசியையே உண்டு, உட்கார்ந்தே வேலை பார்த்து, இடுப்பும் பெருத்துவிட்டால், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் இணங்குவது ஆண்டுக்காண்டு குறைகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருப்பது உண்மைதான். எனினும் களியிலும் மாவுச்சத்தே மிகுதி என்பதால், இரண்டு உருண்டையை ஒன்றாகக் குறைத்து, கீரைக் கடைசலும் கொள்ளுக் குழம்பும் கூட்டிக்கொள்ளுங்கள். (ஆம்பூர் பிரியாணியை அடியோடு விடச் சொல்லவில்லை.) வயது ஏற ஏறத் தசை கரைவதால் பருப்பும் முட்டையும் அவசியம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டுமெனில், தட்டோரத்து ஊறுகாயைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.