பழைய கம்பெனி பிஎஃப்பில் எக்ஸிட் டேட் போடவில்லையா?

கேள்வி: நோட்டீஸ் பீரியடை முழுதாக முடிக்காமல் வேலையை விட்டேன். நான்கு மாதமாகியும் ஹெச்ஆர் பிஎஃப்பில் எக்ஸிட் டேட், அதாவது வேலையை விட்ட தேதி, போடவில்லை. என்ன செய்வது?

ஹெச்ஆருக்கு இன்னொரு மெயில் போட வேண்டாம். 2020 ஜனவரியிலிருந்து அந்தத் தேதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கம்பெனி கட்டிய கடைசி பிஎஃப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யுஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) ஆக்டிவேட் ஆகி ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் கொடுத்த மொபைல் நம்பர் கையில் இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். பிஎஃப் அமைப்பின் மெம்பர் போர்ட்டலில் 'மேனேஜ்', அதற்குள் 'மார்க் எக்ஸிட்'. பழைய கம்பெனியின் கணக்கைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்து, ஓடிபி போட்டால் முடிந்தது.

கோட்டை விடுவது தேதியில்தான். முதலில் பாஸ்புக்கைத் திறந்து, கடைசியாக எந்த மாதச் சம்பளத்துக்குப் பணம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அந்த மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் ஏற்கும். உதாரணத்துக்கு, ஜூன் 18 வரை வேலை பார்த்திருப்பீர்கள்; நோட்டீஸ் பாக்கி என்று ஜூன் சம்பளத்தை நிறுத்தியிருப்பார்கள்; பாஸ்புக் மே மாதத்தோடு நிற்கும். அப்போது ஜூன் 18 செல்லாது. அவசரப்பட்டு மே 31 என்று போட்டுவிடாதீர்கள். ஜூன் சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்திருந்தால், அதை இணைத்து பிஎஃப் அமைப்பின் புகார் தளமான இபிஎஃப்ஐஜிஎம்எஸ்ஸில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஒருமுறை கொடுத்த தேதியை அந்தப் பக்கத்தில் மாற்ற முடியாது, ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் போட்டுத்தான் திருத்த வேண்டும். புதுக் கம்பெனியில் சேர்ந்த தேதிக்கு ஒரு நாளாவது முந்தியதாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கம்பெனி சர்வீஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி டிரான்ஸ்ஃபரின்போது கேள்வி எழலாம்.

நோட்டீஸ் முடிக்காதவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நோட்டீஸ் பாக்கியை வேலையை விடும்போது போடும் ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கில் பேசித் தீர்க்கட்டும். பிஎஃப் உங்கள் பணம். அதைப் பிணையாக வைத்துப் பேரம் பேசுவது அநியாயம்.

பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் இல்லாமல் எடுத்தால் வரி உண்டு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆதங்கம் தாங்கவில்லை. நம் ஊர் இனிஷியலை இந்த அமைப்புகள் எதுவும் புரிந்துகொள்வதில்லை. ஆதாரில் 'முருகன் கே' என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்தாக வேண்டும் என்பதால் 'முருகன் கந்தசாமி' ஆகிவிடும். ஒரே ஆள்தான், ஆனால் பெயர் பொருந்தவில்லை என்று யுஏஎன்னோடு பான் இணைப்பு நிற்கும். தப்பு அவர் மேல் இல்லை, அலைவது மட்டும் அவர். அதனால் எக்ஸிட் டேட்டில் கை வைக்கும் முன் ஆதார், பான், வங்கிக் கணக்கு, யுஏஎன் நான்கிலும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கி ஆதாரோடு சரிபார்த்த யுஏஎன் என்றால் அதிலுள்ள பெயரை நீங்களே போர்ட்டலில் திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும்; ஹெச்ஆரைத் தேடிப் போக வேண்டியது அப்போதுதான்.