கார் ஓடுகிறது, கடிவாளம் யார் கையில்?

கேள்வி: ஓட்டுநர் இல்லாத டாக்ஸி விடும் வேமோவைக் கூகுள் கம்பெனி என்கிறார்கள். வெளியார் முதலீடும் ஏராளமாக இருப்பதாகச் செய்தி வருகிறது. உண்மையில் அது யாருடையது?

ஆல்ஃபபெட்டுடையது. 2009-இல் கூகுளுக்குள் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது, 2016 டிசம்பரில் வேமோ என்ற பெயரில் தனி நிறுவனமானது. கூகுளுக்கும் வேமோவுக்கும் தாய் நிறுவனம் இந்த ஆல்ஃபபெட்தான். வெளியார் பணம் 2020-இல்தான் முதன்முதலாக உள்ளே வந்தது. 2024 அக்டோபரில் 560 கோடி டாலர் திரட்டியபோது ஆண்ட்ரீசன் ஹாரோவிட்ஸ், ஃபிடெலிட்டி, சில்வர் லேக் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் பணம் போட்டன. அந்தச் சுற்றை முன்னின்று நடத்தியதும் ஆல்ஃபபெட்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபபெட்டின் ஆண்டறிக்கையில் வேமோவுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. 'பிற முயற்சிகள்' என்ற பிரிவில் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்தே வரும். அந்தப் பிரிவின் மொத்த நஷ்டத்தை வேமோவின் நஷ்டமாக யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

கேள்வி: பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனத்தில் அதிகாரம் யாருக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பங்குதாரர் கூட்டத்துக்கு முன் வெளியிடும் அறிக்கையை எடுங்கள். அதில் பெரிய பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும். பங்கு விகிதத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் இருக்கும் வாக்கு விகிதத்தையும் படியுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம் செய்யும் மொபைல்ஐ நிறுவனத்தை, சிப் தயாரிக்கும் இன்டெல் 2017-இல் சுமார் 1,530 கோடி டாலருக்கு வாங்கி, 2022 அக்டோபரில் மறுபடி பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்கள் வாங்கிய 'ஏ' வகைப் பங்குக்கு ஒரு வாக்கு, இன்டெல் வைத்துக்கொண்ட 'பி' வகைப் பங்குக்குப் பத்து வாக்கு. ஓட்டுநரில்லா லாரித் தொழில்நுட்பம் செய்யும் அரோராவின் நிறுவனர்களிடமும் இதே மாதிரிப் பத்து வாக்குப் பங்குகள் உண்டு.

கேள்வி: தானியங்கிக் கார் செய்த க்ரூஸுக்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) இருந்தது, அதே தொழிலில் இருந்த ஆர்கோவுக்குப் பின்னால் ஃபோர்டும் ஃபோக்ஸ்வாகனும் இருந்தன. இருந்தும் ஏன் நிலைக்கவில்லை?

பெரிய கார் நிறுவனம் முதலாளியாக இருப்பது பலம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் கணிப்பில் அதுவே பலவீனமாகவும் ஆனது. காலாண்டுக்கொரு முறை லாபக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு, பத்தாண்டு பொறுத்தால்தான் பலன் தரும் செலவு முள்ளாகக் குத்தும். விற்பனை சரிந்தால் கத்தி முதலில் விழுவது அங்கேதான்.

ஆர்கோவில் ஃபோர்டுக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் சமமான பங்கு. 2022 அக்டோபரில் அது மூடப்பட்டது. புதிய முதலீட்டாளர் எவரும் கிடைக்கவில்லை. ஃபோர்டு தன் கணக்கில் 270 கோடி டாலர் மதிப்பிழப்பு எழுதியது. இருவர் சமபங்கு வைத்திருக்கும்போது ஒருவர் கையை எடுத்தால், மற்றவர் இரட்டைச் சுமை தூக்க வேண்டும், இல்லையேல் கடையைக் கட்ட வேண்டும். ஹூண்டாயும் கார் பாக நிறுவனமான ஆப்டிவும் சேர்ந்து தொடங்கிய மோஷனலில், ஹூண்டாய் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2024-இல் ஆப்டிவ் பணம் போடுவதை நிறுத்தியதும் தன் பங்கைக் கூட்டிக்கொண்டு நிறுவனத்தை நடத்துகிறது.

க்ரூஸின் கதை இன்னும் நுணுக்கமானது. 2018-இல் ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்கின் நிதி 225 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. அதில் 90 கோடி உடனே. மீதி 135 கோடி, கார் வணிகச் சேவைக்குத் தயாரான பிறகு. 2022 மார்ச்சில் சாஃப்ட்பேங்கின் பங்கை ஜிஎம் 210 கோடிக்கு வாங்கிக்கொண்டு, அந்த 135 கோடியையும் தானே போட்டது. வெளியார் பணம் குறையக் குறைய முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

2023 அக்டோபர் 2-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிவந்த வேறொரு கார் மோதியதில் ஒரு பெண் க்ரூஸ் காரின் முன்னே வந்து விழுந்தார். க்ரூஸ் கார் அவர் மீது மோதி நின்றது. ஆனால் அதன் மென்பொருள் அதைப் பக்கவாட்டு மோதல் என்று தவறாகக் கணித்தது. அப்படி மோதினால் ஓரம் கட்ட வேண்டும் என்பது அதற்குக் கொடுத்திருந்த விதி. காரின் அடியில் மனிதர் இருப்பது அதற்குத் தெரியவில்லை. சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அந்த மாதமே கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறை உரிமத்தை நிறுத்தியது. இழுத்துச் சென்ற விவரத்தை அறிக்கையில் முழுதாகச் சொல்லாததற்கு அபராதமும் வந்தது. 2024 டிசம்பரில் க்ரூஸ் டாக்ஸித் திட்டத்துக்கு இனிப் பணம் இல்லை என்று ஜிஎம் அறிவித்தது. அதுவரை போட்டது 1,000 கோடி டாலருக்கு மேல்.

கேள்வி: வேமோவும் ஊபரும் கோர்ட்டில் மோதிக்கொண்டவை. இப்போது எப்படிக் கூட்டாளிகள் ஆயின?

ஊபர் தன் தொழிலின் எல்லையைச் சுருக்கிக்கொண்டதால். 2017 பிப்ரவரியில் வேமோ வழக்குப் போட்டது: வேலையை விட்டுப் போன பொறியாளர் சுமார் 14,000 கோப்புகளை நகலெடுத்தார், அவர் தொடங்கிய ஓட்டோ (Otto) என்ற தானியங்கி லாரி நிறுவனத்தை ஊபர் வாங்கியது என்பது குற்றச்சாட்டு. பாகம் செய்து தரும் நிறுவனம் ஒன்று அனுப்பிய மின்னஞ்சல் தவறுதலாக வேமோவுக்கும் வந்ததாகவும், அதில் இருந்த ஊபரின் லைடார் (லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் கருவி) மின்சுற்றுப் பலகை வரைபடம் தங்களுடையதை அப்படியே ஒத்திருந்ததாகவும் வேமோ சொன்னது. 2018 பிப்ரவரியில் சமரசம். ஊபர் தன் பங்கில் 0.34 சதவீதத்தைக் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 24.5 கோடி டாலர்.

2020 டிசம்பரில் ஊபர் தன் தானியங்கிக் கார்ப் பிரிவை அரோராவிடம் ஒப்படைத்தது. கூடவே 40 கோடி டாலர் முதலீடும் செய்தது. சொந்தமாகக் கார் மூளை செய்யும் போட்டி அதோடு முடிந்தது. ஆஸ்டின், அட்லாண்டா நகரங்களில் வேமோ காரை ஊபர் செயலி வழியாகக் கூப்பிடலாம். ஓட்டுவதும் நடுவழியில் நின்றால் மீட்பதும் வேமோவின் பொறுப்பு. கழுவுதல், பழுதுபார்த்தல், நிறுத்துமிட வேலைகள் ஊபரின் பொறுப்பு.

கேள்வி: சோதனை ஓட்டத்தில் தானியங்கிக் காரை மனிதர் குறுக்கிட்டுத் தன் கையில் எடுத்த எண்ணிக்கையைக் கலிஃபோர்னியா ஆண்டுதோறும் வெளியிடுகிறதே, அதை வைத்துத் தரவரிசை போடலாமா?

வேண்டாம். எது குறுக்கீடு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் முடிவு செய்கிறது. காலியான சாலையில் ஓடிய மைலும் நெரிசலில் ஓடிய மைலும் அதில் ஒரே மைல்தான். வேறு மாநிலச் சோதனைகள் கணக்கிலேயே வராது. உரிமத்தைப் பாருங்கள்: ஆள் உட்கார்ந்து சோதிக்க, ஆளில்லாமல் சோதிக்க, வணிகத்துக்கு விட என்று போக்குவரத்துத் துறையில் மூன்று படி. பயணியை ஏற்றிக் கட்டணம் வாங்க, பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும். ஒரு நிறுவனம் எந்தப் படியில் நிற்கிறது என்பது அதன் விளம்பரத்தைவிட உண்மை பேசும்.