16 அங்குலச் சக்கரம் உள்ள ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 18 அங்குல ரிம் போடலாமா? எந்த அளவு டயர் சரியாக இருக்கும்?

பழைய தலைமுறை கிரெட்டாவின் கீழ்நிலை வகை ஒன்றை வைத்திருக்கிறீர்கள்; அதில் 205/65 R16 டயரும் இரும்பு ரிம்மும் இருக்கின்றன; வண்டியின் உடம்புக்குச் சக்கரம் சிறியதாகத் தெரிவதால் 17 அல்லது 18 அங்குல மேக் வீல், அதாவது அலாய் ரிம், போட நினைக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. 18 அங்குலம் போட முடியும். நானே போட்டேன், பதினொரு மாதத்தில் கழற்றினேன். அதற்கிடையில் இரண்டு டயர்களையும் ஒரு வீல் பேரிங்கையும் வீட்டில் எனக்கிருந்த மரியாதையில் ஒரு பங்கையும் இழந்தேன்.

நான் மெக்கானிக் அல்லன். பொள்ளாச்சியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பதற்கு ஒருவர் நிச்சயம் வருவார். தெரியாமல்தான் 78,000 ரூபாய் செலவழித்தேன். அதன் பிறகு தெரிந்துகொண்டேன். ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாகப் பார்க்கும் நான், ஐந்து நிமிடத்தில் போட்டிருக்கக்கூடிய ஒரு கணக்கைப் போடாமல் வாங்கினேன் என்பதுதான் இன்று வரை உறுத்துகிறது.

வண்டி 2016இல் வாங்கியது. ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் அதை நிறுத்தியபோது என் மைத்துனர், "மாமா, யானைக்கு ஆட்டுக்கால் வெச்ச மாதிரி இருக்குது" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த மாதமே அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோவையில் ஒரு ரிம் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "சார், பதினெட்டு போட்டா வண்டி அப்படியே தூக்கிக் காட்டும்" என்றார். அவரிடம் அன்று கையிருப்பில் இருந்தது 8 அங்குல அகலமுள்ள ரிம்மும் 225/45 R18 டயரும். அது பெரும்பாலும் செடான் கார்களுக்குப் போடும் அளவு என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் போடத் தவறிய கணக்கு இதுதான். 205/65 R16 என்பதில் 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது மில்லிமீட்டர் அன்று. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம் என்று பொருள். R என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பைக் குறிக்கிறது. அதை ஆரம் என்று நினைப்பவர்கள் என்னைப் போலப் பலர் இருக்கிறார்கள். 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 205இல் 65 சதவீதம் 133.25 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு மடங்கு 266.5, அதோடு 16 அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிய 406.4ஐக் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 672.9 மில்லிமீட்டர். இதே கணக்கை 225/45 R18க்குப் போடுங்கள்: 659.7 மில்லிமீட்டர் வரும். அதாவது பெரிய ரிம் என்று சொல்லி நான் வாங்கிப் போட்ட சக்கரம் பழைய சக்கரத்தைவிட 13 மில்லிமீட்டர் சிறியது. வண்டி தூக்கிக் காட்டவில்லை. ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்கியது. பக்கச்சுவர் 133இலிருந்து 101 மில்லிமீட்டராகக் குறைந்ததால், சாலைக் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த ரப்பரிலும் காற்றிலும் 32 மில்லிமீட்டர் காணாமல் போனது. கண்ணுக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மண்டபத்து வாசலில் அதுதான் தேவைப்பட்டது.

முதல் வாரத்திலேயே 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி பேலன்சிங் செய்தார்கள்; உதறல் நிற்கவில்லை. மூன்று முறை செய்தார்கள், மூன்று முறையும் இயந்திரம் பூஜ்யம் காட்டியது, மூன்று முறையும் பணம் வாங்கினார்கள். உடுமலையில் ஒரு வயதான டயர்க் கடைக்காரர்தான் சக்கரத்தைக் கழற்றி நடுத்துளையைக் காட்டினார். கிரெட்டாவின் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குமிழ், 67.1 மில்லிமீட்டர் விட்டம். வெளிச்சந்தை ரிம்கள் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக விட்டு வார்க்கப்படுகின்றன, என்னுடையது 73.1. நடுவில் ஆறு மில்லிமீட்டர் வெற்றிடம். அதை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் ஒன்று போட வேண்டும், எனக்குப் போடவில்லை. அதனால் சக்கரம் ஹப்பின் விளிம்பில் உட்காராமல் ஐந்து நட்டுகளின் பிடியில் மட்டும் நின்று, மயிரிழை அளவு மையம் தவறிச் சுழன்றது. பேலன்சிங் இயந்திரம் ரிம்மை அதன் சொந்தத் துளையில் கூம்பு வைத்து மையப்படுத்துவதால் அதற்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நான்கு வளையங்கள் வாங்கிப் போட்டதும் உதறல் அன்றே நின்றது. அவற்றின் விலையைச் சொன்னால் அழுகை வரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மூன்று முறையும் டயரில் நைட்ரஜன் நிரப்பியதற்கென்று தனியாக ஒரு தொகையைப் பில்லில் சேர்த்திருந்தார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் அது பயன்படட்டும். பால் வாங்கப் போகும் வண்டிக்கு மாதம் ஒருமுறை சரியான அழுத்தத்தில் சாதாரணக் காற்று போதும். துளையை அளந்து பார்க்க நேரமில்லாத கடைக்கு நைட்ரஜன் போட்டதற்கு அடையாளமான பச்சை மூடி மாட்ட மட்டும் நேரம் இருந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. உடுமலைச் சாலையில் தண்ணீர் நின்ற ஒரு குழியில், 50 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவாகவே, இடப்பக்க முன்சக்கரமும் அதைத் தொடர்ந்து பின்சக்கரமும் இறங்கின. மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு டயர்களின் பக்கச்சுவரிலும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் பக்கச்சுவர் நசுங்கும்போது அதற்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடுகின்றன. அறுந்த இடத்தில் காற்றின் அழுத்தம் ரப்பரை வெளியே தள்ளுகிறது. இதற்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல வைத்தியம் கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். குழியைப் பார்த்து ஓட்டத் தெரியாதவன் டயரைக் குறை சொல்கிறான் என்று எழுத நினைப்பவர்களுக்கு: அதே சாலையில் அதே குழிகளில் 16 அங்குலத்தோடு மூன்று ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன், ஒரு டயரும் வீங்கியதில்லை.

வீங்கிய டயரை மாற்றப் போனபோதுதான் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணைப் படித்தேன். என் பழைய டயரில் 95H என்றிருந்தது, புதியதில் 91W. அந்த 95 ஒரு டயர் 690 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது; 91 என்றால் 615 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 300 கிலோ தாங்கும் திறனை நான் பணம் கொடுத்துக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து வேகத்துக்கு உரியது: H என்றால் 210 கிலோமீட்டர், W என்றால் 270. பொள்ளாச்சியில் 270 கிலோமீட்டர் வேகத்தில் நான் எங்கே போவது? ஆனால் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்பக்கத்து பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் கேட்டது. "அது என்ன சத்தம்?" என்று மனைவி ஒன்பதாவது வளைவில் கேட்டார். நாற்பதாவது வளைவு வரை நான் பதில் சொல்லவில்லை.

உரசியதற்குக் காரணம் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் பரப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அந்த அளவு. ரிம்மின் உள்பக்கம் ET என்ற எழுத்துகளோடு பொறித்திருப்பார்கள். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே பிதுங்கும். பார்வைக்கு அகலமாக நிற்கும். ஆனால் பேரிங்கின் மேல் விழும் நெம்புகோல் விசை கூடும், சேறு கதவு வரை தெறிக்கும், வளைவில் மட்கார்டின் உள்ளே உரசும். பத்தாவது மாதம் முன்பக்கப் பேரிங் ஒன்று விமானம்போல இரையத் தொடங்கியது. ரிம்மால்தான் போயிற்று என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் முடியாது. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

இப்போது என் வண்டியில் 17 அங்குலம் இருக்கிறது. "நீ மட்டும் போட்டுக்கொண்டு மற்றவருக்குப் புத்தி சொல்கிறாயா?" என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் இது அதே கிரெட்டாவின் மேல்நிலை வகைக்குத் தொழிற்சாலையே கொடுத்த 17 அங்குல அலாய். ஒருவர் கழற்றி விற்றதை வாங்கினேன். டயர் 215/60 R17, சுமை எண் 96, அதாவது ஒன்றுக்கு 710 கிலோ. விட்டம் 689.8 மில்லிமீட்டர், பழைய அளவைவிட இரண்டரை சதவீதம் அதிகம், பக்கச்சுவர் 129 மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர்தான் குறைவு. நட்டு வட்டமான 5x114.3 (ஐந்து நட்டு, 114.3 மில்லிமீட்டர் விட்டம்), நடுத்துளை, ஆஃப்செட் எல்லாம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் அந்த வண்டிக்கென்றே முடிவு செய்தவை. வளையமும் வேண்டாம், உரசலும் இல்லை. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்: மீட்டர் 100 காட்டும்போது 16 அங்குலத்தில் உண்மை வேகம் 95க்குச் சற்று மேல், 18இல் 93, இப்போது 98க்கு ஒட்டி. ரிம் கடைக்காரர் மைலேஜ் குறையாது என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. சிறிய சக்கரம் அதிகமாகச் சுற்றுவதால் ஓடோமீட்டர் இரண்டு சதவீதம் கூடுதலாக எண்ணியது. அந்தப் பொய்யான கிலோமீட்டர்தான் என் மைலேஜைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆகவே உங்களுக்கு என் பதில்: கிராமச் சாலைதான் அதிகம் என்றால் 205/65 R16இலேயே இருங்கள், டயரை மட்டும் நல்லதாக வாங்குங்கள். கொஞ்சம் தடித்துத் தெரிய வேண்டுமென்றால் அதே ரிம்மில் 215/65 R16 போடலாம்; விட்டம் 685.9, வேறுபாடு இரண்டு சதவீதத்துக்குள். ரிம்மில் 6.0J (ரிம்மின் அகலம், அங்குலத்தில்) அல்லது அதற்கு மேல் பொறித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அழகுதான் முக்கியம் என்றால் 215/60 R17, அதுவும் நிறுவனத்தின் சொந்த ரிம்மில். 2024இல் வந்த கிரெட்டா N Line என்ற வகைக்கு நிறுவனமே 215/55 R18 கொடுக்கிறதே என்று ஒருவர் கேட்பார். கொடுக்கிறது, அந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் சஸ்பென்ஷனையும் அதற்கென மாற்றியமைத்துக் கொடுக்கிறது. அதன் விட்டம் 693.7, உங்கள் சக்கரத்தோடு ஒப்பிட்டால் பலரும் எல்லையாகச் சொல்லும் 3 சதவீதத்தைத் தாண்டுகிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உங்கள் மாடலுக்கே நிறுவனம் கொடுத்த அளவைப் போட்டவரிடம் யாரும் அதைப் பேச வர மாட்டார்கள்.

டயரை இறக்கும்போது பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். காற்றழுத்தத்துக்கு ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பாருங்கள், கடைக்காரரின் வாயைப் பார்க்காதீர்கள். ரிம் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி 16 அங்குலமாகவே இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு பஞ்சர்க் கடை வரை மெதுவாகப் போகலாம். ஊர்ப் பயணம் போகாதீர்கள்.

கழற்றிய 18 அங்குல ரிம்கள் நான்கும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. மைத்துனர் தன்னுடைய செடானுக்கு ஆகுமா என்று சென்ற பொங்கலுக்கு வந்தபோது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். அவர் வண்டியில் நான்கு நட்டு.